தமிழ் வகுப்பில் இணையப் பலகை: புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியர் ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பார், பிள்ளைகள் அவரவர் கருவியிலிருந்து அதில் சிறு சிறு குறிப்புகளை ஒட்டிக்கொண்டே போவார்கள், எல்லோர் எழுதியதும் எல்லோருக்கும் உடனே தெரியும். இணையப் பலகை என்று நான் சொல்வது இதைத்தான். பேட்லெட் என்று சொன்னால் இங்கே பெரும்பாலான ஆசிரியர்களுக்குப் புரிந்துவிடும்.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டும் காணொளிகள் ஏராளம். ஆனால் அவை எல்லாமே, பிள்ளைகளுக்கு அந்த மொழியில் தட்டச்சு வரும், கருவி எல்லாவற்றையும் அனுமதிக்கும், பணம் கட்ட ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் வகுப்பு எடுப்பவருக்கு இந்த மூன்றும்தான் தொல்லை. நான் இவற்றைத் துண்டு துண்டாக, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஆண்டு புதிதாக வகுப்புக்குள் போகிறவர்களும் வார இறுதியில் துணைப்பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் தொடங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, விடை தெரிந்தாலும் கை தூக்காது. எப்போதும் பேசும் இரண்டு மூன்று பேர் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்கிறது என்பதற்காகத்தான் பலகை வேண்டும். அந்தத் தயங்கும் பிள்ளை ஒரு வரி எழுத முடியாவிட்டால் பலகை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை, கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே படியுங்கள்.

1. எந்தப் பலகை என்று முடிவு செய்யுங்கள்

பள்ளி ஆசிரியர் என்றால் முதலில் எஸ்எல்எஸ்ஸைப் பாருங்கள். கல்வி அமைச்சின் தளம், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, காசு கிடையாது, தரவு வெளியே போகாது. அதில் பிள்ளைகள் ஒருவர் கருத்தை மற்றவர் பார்த்துப் பதில் எழுதும் வசதியும் உண்டு. வீட்டிலிருந்து கற்கும் நாளுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் நேரடி வகுப்பில், கடவுச்சொல்லை மறந்த இரண்டு பிள்ளைகளால் பத்து நிமிடம் போய்விடும்.

பேட்லெட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கே தேவையில்லை, கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால் நேராக உள்ளே போய்விடலாம். சிறு பிள்ளைகளுக்கும், பல பள்ளிகளிலிருந்து வந்து சேரும் தமிழ் நிலைய வகுப்புகளுக்கும், எஸ்எல்எஸ் கிடைக்காத துணைப்பாட வகுப்புகளுக்கும் என் தேர்வு அதுதான். படம் வரைந்து, இழுத்து நகர்த்தும் வேலை அதிகம் என்றால் கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் வெண்பலகை நல்லது. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதன் கல்விக் கணக்கு இலவசம். ஆசிரியர் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், பள்ளி மின்னஞ்சலோ பணி அட்டையோ கையில் இருக்கட்டும். சரிபார்க்க நாளாகலாம், அதனால் நாளைய வகுப்புக்கு இன்று இரவு விண்ணப்பிக்காதீர்கள்.

பழைய பயிற்சிக் குறிப்புகளில் கூகல் ஜேம்போர்டு என்று இருந்தால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடலாம். அந்தச் சேவை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

இனி நான் சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் பேட்லெட்டை வைத்துத்தான், மற்றவற்றுக்கும் அநேகமாகப் பொருந்தும்.

2. அனுமதி, காகிதங்கள்: இரண்டு வாரம் முன்பே

"எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், இதற்கு எதற்கு அனுமதி" என்று இருந்துவிடாதீர்கள். தாய்மொழித் துறைத் தலைவரிடம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தளம், எந்த வகுப்பு, பிள்ளைகளைப் பற்றி என்ன விவரம் அதில் ஏறும், யார் பார்க்க முடியும், எப்போது அழிக்கப்படும். இந்த ஐந்துக்கும் தெளிவான விடை இருந்தால் பெரும்பாலும் கேள்வியே வராது. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கடிதம் திரும்பி வரும்.

பிள்ளைகளின் குரல், படம், கைவேலை ஆகியவை ஏறப்போகிறது என்றால் பெற்றோருக்கும் சொல்லுங்கள். பள்ளி வழியாக என்றால் பேரண்ட்ஸ் கேட்வே செயலியிலேயே அனுப்பச் சொல்லலாம். பெற்றோர் பதில் சொல்ல குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள், அதற்குள் ஒரு நினைவூட்டல் போகட்டும். துணைப்பாட வகுப்பு என்றால் தவணைத் தொடக்கத்தில் கொடுக்கும் பதிவுப் படிவத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள், தனிக் கடிதம் வேண்டாம்.

பலகையில் முழுப்பெயர் வேண்டாம், அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். வகுப்பு வரிசை எண்ணும் கூப்பிடும் பெயரும் போதும். முகம் தெரியும் படங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொரு வேலையும் இந்த இரண்டு வாரத்திலேயே முடிய வேண்டும். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளின் சொந்தக் கற்றல் கருவியில் பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கும். உங்கள் கணினியில் திறக்கும் தளம் அவர்கள் கருவியில் திறக்காமல் போகலாம். ஆசிரியர் கருவியில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாமல், ஒரு மாணவரின் கருவியை வாங்கி, மாணவர் நுழைவிலேயே திறந்து பாருங்கள். தடை இருந்தால் தகவல் தொழில்நுட்ப உதவியாளரிடம் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ச்சொல் மறந்துபோகும். தமிழ் நிலைய வகுப்பு என்றால் ஒவ்வொரு பள்ளியின் கருவியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும், ஆகவே பள்ளிக்கு ஒரு பிள்ளை வீதம் முதல் வாரமே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்கப்பள்ளியில் பகிர்ந்து பயன்படுத்தும் ஐபேட்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தாய்மொழி இருவாரம், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் நடக்கும் சமயத்தில் அவை கிடைப்பது சிரமம். அந்த வாரங்களுக்குத் தவணைத் தொடக்கத்திலேயே பெயர் போட்டு வையுங்கள்.

3. செலவு

இலவசக் கணக்கில் பேட்லெட் இப்போது மூன்று பலகைகள் வரை தருகிறது. ஒரு வகுப்புக்கு ஒன்று என்று வைத்தால் தொடங்குவதற்கு அது போதும். புதுப் பாடத்துக்குப் புதுப் பலகை வேண்டும் என்றில்லை, பழைய பதிவுகளைச் சேமித்துக்கொண்டு, பலகையை அப்படியே வைத்து, பதிவுகளை மட்டும் மொத்தமாக அழிக்கலாம். அமைப்புகளும் அப்படியே இருக்கும், கியூஆர் குறியீடும் மாறாது. முதல் தவணை முழுவதும் இப்படியே ஓட்டுங்கள், பணம் கட்ட வேண்டுமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கட்டத்தான் வேண்டும் என்று வந்தால், முதலில் பள்ளி ஏற்கெனவே உரிமம் வாங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆங்கிலத் துறையிலோ மனிதவியல் துறையிலோ வாங்கியது தாய்மொழித் துறைக்குத் தெரியாமலே இருப்பது சகஜம். இல்லை என்றால், வாங்குவதற்கு முன்பே ஒப்புதல் பெறுங்கள். சொந்த அட்டையில் கட்டிவிட்டு அப்புறம் பற்றுச்சீட்டைக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால், பணம் வராமலே போகலாம்.

விலை அமெரிக்க வெள்ளியில் காட்டினால் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: நாணய மாற்று, அட்டை நிறுவனம் எடுக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 முதல் இந்த வரி உண்டு, பதிவு செய்த நிறுவனங்கள் அதை வசூலிக்கும். கடைசிப் பக்கத்தில் வரும் தொகைதான் உண்மையான விலை. ஆண்டுச் சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், எனவே வாங்கிய அன்றே ரத்து செய்ய வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். துணைப்பாட ஆசிரியர்களுக்கு மாதச் சந்தாவே மலிவாக முடியலாம், ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் நிறுத்தி வைக்கலாமே.

ஒரே கணக்கின் கடவுச்சொல்லை மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் யோசனை வேண்டாம். ஒருவர் தன் பலகையை அழிக்கப்போய் இன்னொருவர் பலகையை அழித்துவிட வாய்ப்பு உண்டு.

4. தமிழ் விசைப்பலகை: பாதி வேலை இங்கேதான்

பலகை வைக்கும் வகுப்பிலேயே தமிழ்த் தட்டச்சையும் அறிமுகப்படுத்தலாம் என்று நினைத்தால் அன்று பலகையும் நடக்காது, தட்டச்சும் வராது. ஒரு வாரம் முன்பே, ஒரு பாடவேளையில் கால் மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

ஐபேடில் அமைப்புகள், பொது, விசைப்பலகை என்று போய்த் தமிழைச் சேர்க்கலாம். அங்கேயே அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் இருக்கின்றன, வேறு செயலி வேண்டாம். உலக உருண்டைச் சின்னத்தைத் தொட்டால் மொழி மாறும். விண்டோஸ் கணினியில் மொழியைச் சேர்த்தபின் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மாறும். குரோம்புக்கிலும் தமிழ் உள்ளீடு உண்டு. பள்ளிக் கருவியில் சேர்க்க அனுமதி இல்லாவிட்டால், அதையும் மேலே சொன்ன அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அஞ்சலா தமிழ்99-ஆ என்று பிள்ளைகளிடம் வாதாட வேண்டாம். ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்து அடித்துப் பழகிய பிள்ளைக்கு அஞ்சல் உடனே வரும். புதிதாகக் கற்கும் தொடக்கநிலைப் பிள்ளைக்குத் தமிழ்99 நல்லது என்பது என் கருத்து. அதில் விரல் நேராகத் தமிழ் எழுத்துக்குப் போகிறது, ஆங்கிலத்தை நினைத்து அப்புறம் தமிழுக்கு வர வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒன்று வருகிறது என்றால் அதையே விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு நீண்ட பத்தி கொடுக்காதீர்கள். தன் பெயர், அம்மா அப்பா பெயர், வீட்டுப் பக்கத்து எம்ஆர்டி நிலையத்தின் பெயர், பிடித்த சாப்பாடு. இந்த நான்கும் போதும். ஈசூன், செங்காங் என்று அடிப்பதற்குள்ளேயே நெடிலும் மெய்யும் பழகிவிடும்.

அப்படியும் சில பிள்ளைகளுக்கு வராது. அவர்களுக்கு மாற்று வழி இருக்க வேண்டும், அதைத் தண்டனை போலத் தராமல் எல்லோருக்கும் பொதுவான தேர்வாக வையுங்கள். சிறு வெண்பலகையில் கையால் எழுதிப் படம் எடுத்து ஏற்றலாம். குரலைப் பதிவு செய்து ஒட்டலாம். ஆண்ட்ராய்டு கருவியில் கூகலின் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தால் தமிழில் பேசி எழுத வைக்கலாம், சத்தம் நிறைந்த வகுப்பில் அது சொற்களை மாற்றிப்போடும், ஆகவே ஒட்டுவதற்கு முன் வாய்விட்டுப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள். அந்தப் படிப்பே நல்ல பயிற்சி. தமிழில் சரளமாகப் பேசி, எழுத்தென்றால் ஒதுங்கும் பிள்ளைகள் குரல் பதிவில் எவ்வளவு சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதிக்கும் இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு காணொளியை மேலே ஒட்டிவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் உங்கள் கருத்தைப் பேசுங்கள் என்றால் போதும்.

5. பலகையின் அமைப்புகள்

வடிவத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். முதல் முறைக்குச் சாதாரணச் சுவர் வடிவம். குழுவாகப் பிரித்தால் பத்திகளாகப் போகும் வடிவம், குழுவுக்கு ஒரு பத்தி. வரைபட வடிவம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் "உங்கள் வீடு எங்கே" என்று கேட்டுவிடாதீர்கள், எல்லோர் முகவரியும் பலகையில் ஏறிவிடும். தேக்காச் சந்தை, இந்திய மரபுடைமை நிலையம், பூமலை என்று போய்வந்த பொது இடங்களைக் குறிக்கச் சொல்லலாம்.

பார்வையை "இணைப்பு உள்ளவர்கள் மட்டும்" என்று வையுங்கள். பொதுவில் வைத்தால் தேடுபொறியிலும் அகப்படலாம். வருகிறவர்களுக்கு எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள், மற்றவர் பதிவைத் திருத்தும் உரிமை போய்விடக்கூடாது.

ஆசிரியர் ஒப்புதல் கொடுத்த பின்பே பதிவு தெரியும்படி வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. முதல் சில தடவை கண்டிப்பாக அதை இயக்கி வையுங்கள். தகாத சொற்களை மறைக்கும் வடிகட்டியும் உண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம், தமிழ் வசைச்சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்கு எப்படித் தெரியும்? இதில் பெரிய பொறி ஒன்று. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பதிவுகள் உங்கள் கணக்கில் தெரியும். உங்கள் கணக்கோடு திரையில் காட்டினால் வகுப்பே அவற்றைப் பார்த்துவிடும். அதனால் திரைக்கு, கணக்கில் நுழையாத தனி உலாவிச் சாளரம். ஒப்புதல் கொடுப்பது உங்கள் கைத்தொலைபேசியிலோ ஐபேடிலோ.

பெயர் விஷயம். பதிவுகளில் பெயர் தெரியாமல் வைக்கலாம், தெரியும்படியும் வைக்கலாம். பெயரே இல்லாவிட்டால் சில பிள்ளைகள் விளையாடுவார்கள், பெயர் போட்டால் தயங்கும் பிள்ளை எழுதாது. எனக்குச் சரியாக வந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் கொடுத்து, அந்தப் பட்டியலை நான் மட்டும் வைத்துக்கொள்வது. முல்லை, குறிஞ்சி, நொச்சி, வாகை என்று பூப்பெயர்களாகவே கொடுக்கலாம், போகிற போக்கில் அவையும் பழகும். ஒரு தவணைக்குப் பிறகு, சொந்தப் பெயரில் எழுத விருப்பமா என்று அவர்களையே கேளுங்கள்.

6. கேள்விதான் பலகையைத் தூக்கி நிறுத்தும்

"தீபாவளியின் சிறப்புகளை எழுதுக" என்று கேட்டால், ஒரே வாக்கியம் பல பதிவுகளாக வரும், அதில் பாதி மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து ஒட்டியதாக இருக்கும். தேடினால் விடை கிடைக்கும் கேள்வியைப் பலகையில் கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் கொண்டாடும் ஒரு விழா நாளில் காலையில் முதலில் எழுந்தவர் யார், எழுந்தவுடன் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். இதற்கு எந்தத் தளமும் விடை தராது. தீபாவளி என்று சொல்லாமல் விழா என்று சொன்னதால் நோன்புப் பெருநாளும் கிறிஸ்துமஸும் கொண்டாடும் தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளே வந்துவிடுவார்கள். நம் வகுப்புகளில் அவர்கள் நிறையவே இருக்கிறார்கள், கேள்வி அவர்களையும் நினைத்து அமைய வேண்டும்.

பலகையின் முதல் பதிவை நீங்களே போடுங்கள். உங்கள் சொந்த விடை, இரண்டே வரி, பிள்ளைகளின் அளவில். பக்கத்தில் இன்னொரு பதிவாகச் சொல்வளம்: ஏழு எட்டுச் சொற்கள், இரண்டு வாக்கியத் தொடக்கங்கள், "எனக்கு நினைவிருப்பது…", "அப்போது நான்…" என்பது போல. அடிப்படைத் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இதுதான் கைப்பிடி. உயர்தமிழ்ப் பிள்ளைகளிடம், கொடுத்த சொற்களைத் தவிர்த்து எழுதச் சொல்லலாம்.

அளவையும் சொல்லிவிடுங்கள். இரண்டு வாக்கியம். அதற்கு மேல் எழுத விரும்புபவர் எழுதட்டும்.

7. வகுப்பில், ஒரு மணி நேரப் பாடவேளையில்

பிள்ளைகள் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து தமிழ் அறைக்கு வந்து சேரவே ஐந்து நிமிடம். கியூஆர் குறியீட்டைத் தாளில் அச்சடித்து மேசைக்கு ஒன்று வையுங்கள், திரையில் மட்டும் காட்டினால் பின் வரிசையில் பிடிக்காது. உள்ளே நுழைய ஐந்து நிமிடம், எழுதப் பத்து நிமிடம்.

எழுதும் அந்தப் பத்து நிமிடமும் திரையை அணைத்து வையுங்கள். மற்றவர் எழுதியது கண்ணில் பட்டால் தயங்கும் பிள்ளை உடனே அதையே எழுதும். நேரம் முடிந்ததும் ஒப்புதல் கொடுத்துத் திரையைப் போடுங்கள், ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாகப் படிக்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும். "நன்று", "அருமை" கூடாது, கேள்விதான். விருப்பக் குறிகளை நான் மூடியே வைப்பேன், யாருக்கு எத்தனை என்று எண்ணத் தொடங்கிவிட்டால் அன்றைய பாடம் அதோடு சரி.

மீதி நேரம் முழுக்கப் பேச்சு. பலகையில் உள்ளதை எடுத்துக்கொண்டு பேசுவதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். நேரம் குறைந்தால் எழுதுவதைக் குறையுங்கள், பேசுவதைக் குறைக்காதீர்கள். இணையம் விழுந்துவிட்டால் ஒட்டுத்தாளும் வெண்பலகையும் மேசையில் தயாராக இருக்கட்டும், அதே கேள்வி, அதே நேரம்.

எழுத்துப் பிழைகளைத் திரையில் வைத்துத் திருத்தாதீர்கள். ண, ந, ன குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் ஏராளமாக வரும், வரட்டும். பொதுவான நான்கைந்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் யாருடையது என்று தெரியாதபடி வேறு வாக்கியத்தில் போட்டுச் சொல்லிக்கொடுங்கள். ஒருமுறை எல்லோர் முன்னாலும் திருத்தப்பட்ட பிள்ளை அடுத்த முறை குரல் பதிவுக்குக்கூட வராது.

8. வகுப்பு முடிந்தவுடன்

மணி அடித்ததும் பலகையை உறைய வையுங்கள், அதாவது யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பூட்டுங்கள், அல்லது வருகிறவர் உரிமையைப் படிப்பதற்கு மட்டும் என்று மாற்றுங்கள். கணக்கு இல்லாமல் எழுதிய பதிவை அதே கருவியின் அதே உலாவியிலிருந்து திருத்தவும் அழிக்கவும் முடியும். பகிர்ந்த ஐபேட் அடுத்த பாடவேளையில் வேறு வகுப்புப் பிள்ளையின் கையில் இருக்கும்.

அன்று மாலைக்குள், அதிகம் போனால் மறுநாள் மாலைக்குள், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள். ஒரு சின்ன வகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும், பெரிய வகுப்பு என்றால் பாதிப் பேருக்கு இந்த வாரம், மீதிப் பேருக்கு அடுத்த வாரம். பதிலே வராத பலகையில் பிள்ளைகள் மூன்றாவது முறை எழுத மாட்டார்கள்.

தவணை முடியும் வாரத்தில் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ சேமித்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா, கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்த பிறகே பலகையை அழியுங்கள். குரல் பதிவுகள் பிடிஎஃப்பில் ஒலிக்காது, வேண்டியவற்றைத் தனியாக இறக்கி, பள்ளியின் சேமிப்பிடத்தில் வையுங்கள், சொந்தக் கைத்தொலைபேசியில் வேண்டாம். அழித்த தேதியை, முதலில் கொடுத்த அந்த ஒரு பக்கத் தாளிலேயே எழுதித் துறைத் தலைவரிடம் காட்டிவிடுங்கள், அடுத்த தவணைக்கான அனுமதியை அப்போதே கேட்டுவிடலாம்.